புரோபேட் வழக்கு நடக்கும்போதே அப்பாவின் வீட்டை விற்கலாமா?

கேள்வி: அப்பா உயில் எழுதிவைத்துவிட்டு இறந்துவிட்டார். சென்னை உயர் நீதிமன்றத்தில் புரோபேட் (உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று) கேட்டு மனு போட்டிருக்கிறோம். உத்தரவு வருவதற்குள் வீட்டை விற்க முடியுமா?

விற்க முடியும், ஆனால் நல்ல விலைக்கு முடியாது. சட்டம் சொல்வது ஒன்று, வாங்குபவருக்குக் கடன் கொடுக்கும் வங்கியின் வக்கீல் சொல்வது வேறொன்று. வீடு விற்பதற்கு அந்த வங்கி வக்கீல்தான் முக்கியம்.

இந்தக் கேள்வியை யாரும் சும்மா கேட்பதில்லை. ரொக்கத்தோடு ஒருவர் வந்து உட்கார்ந்திருக்கிறார், சரிதானே? "கேஸ் முடியற வரைக்கும் எதுக்குக் காத்துக்கிட்டு இருக்கணும், அதை நான் பார்த்துக்கறேன்" என்கிறார். எங்களுக்கும் அப்படி ஒருவர் வந்தார். அவரை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் சட்டம். நான் வக்கீல் இல்லை, எங்கள் வழக்கில் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், கமென்டில் வந்து யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 1925ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயிலில் சொன்னபடி செய்து முடிக்க எக்ஸிகியூட்டர் என்று ஒருவரை நியமித்திருந்தால், இறந்தவர் கண்ணை மூடிய நாளிலிருந்தே சொத்து அவர் பொறுப்பில் வந்துவிடுகிறது. புரோபேட் என்பது அந்த அதிகாரத்துக்கு நீதிமன்றம் போடும் முத்திரை, அவ்வளவுதான். உயிலில் தடை எதுவும் எழுதாவிட்டால் எக்ஸிகியூட்டர் விற்கலாம் என்று 307ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் உயிலில் எக்ஸிகியூட்டரே இல்லை, சொத்தை நிர்வகிக்க நீதிமன்றமே ஒருவரை நியமிக்கும் லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன் மனுதான் நீங்கள் போட்டிருப்பது என்றால் கதை வேறு. அந்த உத்தரவு வந்த பிறகும் நீதிமன்ற அனுமதி இல்லாமல் வீட்டையோ மனையையோ விற்கக் கூடாது. விற்றால் பங்கு உள்ள யார் வேண்டுமானாலும் போய் அதை ரத்து செய்யக் கேட்கலாம். உங்கள் மனுவின் முதல் பக்கத்தில் இரண்டில் எது இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். பலருக்கு இது தெரியாமலே வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று. உயிலுக்குப் புரோபேட் கட்டாயம் என்ற இந்தத் தொல்லை தமிழ்நாட்டில் சென்னைக்குத்தான் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்து கல்கத்தா, மெட்ராஸ், பம்பாய் கணக்கு. திருச்சியில் எழுதிய உயில், சொத்தும் திருச்சியில் என்றால் புரோபேட் இல்லாமலே பட்டா மாற்றிவிடுவார்கள், சென்னைப் பெரம்பூரில் வீடு என்றால் உயர் நீதிமன்றத்துக்கு ஓட வேண்டியிருந்தது. 2025 டிசம்பரில்தான் இதைக் கட்டாயமாக்கிய 213ஆம் பிரிவை நீக்கினார்கள். எங்களுக்கு அது வந்து என்ன பிரயோஜனம், நாங்கள் 2023லேயே முடித்துவிட்டோம். உங்களுடையது ஏற்கெனவே போட்ட வழக்கு, அதைத் தொடர்வதா விடுவதா என்று உங்கள் வக்கீலிடம் கேளுங்கள். கட்டாயம் போய்விட்டதே தவிர, யாராவது எதிர்த்தால் உயிலை நிரூபிக்கிற வேலை போகவில்லை. நானாக இருந்தால் வாபஸ் வாங்க மாட்டேன்.

இனி எங்கள் கதை. அப்பா ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பெரம்பூரில் கீழ் வீடு, மாடியில் ஒரு போர்ஷன், எண்பதுகளில் கட்டியது. அம்மா முன்பே போய்விட்டார். அண்ணன் அமெரிக்காவில், தங்கை திருச்சியில், நான் சென்னையில். வீட்டை விற்று எனக்கும் தங்கைக்கும் ஐந்தில் இரண்டிரண்டு பங்கு, அண்ணனுக்கு ஐந்தில் ஒன்று என்று எழுதி, எக்ஸிகியூட்டராக என்னைப் போட்டிருந்தார். அண்ணன் மேல்படிப்புக்குப் போனபோது ஊரில் இருந்த நிலத்தை விற்றுத்தான் அனுப்பினார், அந்தக் கணக்கை உயிலிலேயே எழுதியும் வைத்திருந்தார். ஆனாலும் காரியத்துக்கு வந்த உறவுக்காரர்கள் இலையில் சாப்பிட்டுக்கொண்டே என்ன பேசினார்கள் தெரியுமா? "பொண்ணு கூடவே இருந்து எழுதி வாங்கிட்டா." அப்பா சார்பதிவாளர் அலுவலகத்துக்குத் தானாக நடந்து போய்ப் பதிவு செய்த உயில் அது, நான் அன்றைக்குக் கூட இல்லை. அண்ணன் அப்படிச் சொல்லவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். "அப்பா இஷ்டம் பாப்பா" என்றார். ஆனால் சம்மதப் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்து வர மாதக்கணக்கில் ஆனது. சரி என்று சொல்வது வேறு, நோட்டரியிடம் போய் உட்கார்வது வேறு.

உயிலுக்குப் பதில், உயிரோடு இருக்கும்போதே சொத்தைக் கொடுத்துவிடும் செட்டில்மென்ட் பத்திரம் எழுதியிருக்கலாமே என்று இப்போது ஒருவர் கேட்பார். எழுதியிருக்கலாம்தான். எழுதிய அன்றே வீடு அவர் கையை விட்டுப் போய்விடும். எழுதிக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகள் வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கும் எத்தனை பேரை நாம் பார்க்கிறோம்? கடைசிவரை சொந்த வீட்டில் இருக்க வேண்டும் என்று ஒரு மனுஷன் நினைத்ததில் என்ன தப்பு?

மனுவோடு, உயிலில் சாட்சிக் கையெழுத்து போட்டவரின் பிரமாணப் பத்திரமும் வேண்டும். இரண்டு சாட்சிகளும் அப்பாவோடு வேலை பார்த்தவர்கள். ஒருவர் காலமாகிவிட்டார். இன்னொருவருக்கு எண்பதுக்கு மேல், அயனாவரத்தில் இருந்தார். அவரை ஆட்டோவில் கூட்டிப்போய் முதலில் அந்த வேலையை முடித்துவிட்டேன், பிறகு சாட்சியத்தைப் பதிவு செய்யும் நீதிமன்ற அதிகாரியான மாஸ்டர் முன்பும் வந்து சொன்னார், புண்ணியவான். உங்கள் சாட்சிகள் வயதானவர்கள் என்றால் மற்றதெல்லாம் அப்புறம், அவர்களை முதலில் பாருங்கள். அவர்களும் போய்விட்டால் கையெழுத்தை நிரூபிக்க வேறு ஆளைத் தேட வேண்டியிருக்கும். பேப்பரில் விளம்பரம் போட்டு, யாரும் கேவியட், அதாவது ஆட்சேபணை, போடாமல் இருந்தால் வழக்கு மனுவாகவே ஓடும். ஒருவர் போட்டுவிட்டால் டி.ஓ.எஸ். என்று முழு வழக்காக மாறிவிடும், அப்புறம் வருடக் கணக்கை நான் சொல்ல வேண்டாம்.

இந்த நேரத்தில்தான் அந்த ரொக்கக்காரர் வந்தார். அத்தை மகன் கூட்டிவந்தார், அவருக்கு என்ன கமிஷன் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். பக்கத்துத் தெருவில் போன விலையில் முக்கால் பங்கு கூட இல்லை. பாதிப் பணம் உடனே தருவாராம், நான் ஜெனரல் பவரும் (பொது அதிகாரப் பத்திரம்) பதிவு செய்யாத ஒப்பந்தமும் எழுதிக் கொடுக்க வேண்டுமாம், சாவியும் வேண்டுமாம். கிரயப் பத்திரம் இல்லாமல் வெறும் பவரை வைத்து நடக்கும் விற்பனை சொத்துரிமையை மாற்றாது என்று 2011இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படியிருந்தும் எதற்குப் பவர்? எங்கள் தலையில் வழக்கு, அவர் கையில் சாவி. நாளைக்கு உயில் செல்லாது என்று ஆனால் தங்கைக்கும் அண்ணனுக்கும் பதில் சொல்ல வேண்டியது நான், அவர் இல்லை. வேண்டாம் என்றேன். "வீட்டை வச்சு என்ன பண்ணப் போறே, பூட்டிதானே கிடக்கு" என்று அத்தை மகனுக்குக் கோபம்.

பூட்டித்தான் கிடந்தது, அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். எதிர்வீட்டில் புதிதாகக் கார் வாங்கினார்கள். நிறுத்த இடம் இல்லாமல் வாங்கிவிட்டு எங்கள் கேட்டை அடைத்து நிறுத்த ஆரம்பித்தார்கள். கேட்டால், "நீங்கதான் இங்க இல்லையே மேடம்." அடுத்த வீட்டில் மராமத்து, மணலும் ஜல்லியும் எங்கள் காம்பவுண்டை ஒட்டி. அப்பா இருந்தபோது வாசலில் செருப்பு விடவே யோசித்தவர்கள் இவர்கள்! கார் நிறுத்த இடம் காட்டினால்தான் வண்டியைப் பதிவு செய்வோம் என்று ஒரு சட்டம் கொண்டுவந்தால் சென்னையில் பாதித் தெரு உருப்படும். சரி, இது உங்கள் கேள்வி இல்லை. ஆனால் வீட்டைச் சும்மா பூட்டிப் போடாதீர்கள், வாரம் ஒருமுறை விளக்காவது போடுங்கள். வாங்க வருபவர் முதலில் பார்ப்பது கேட் முன்னால் யார் வண்டி நிற்கிறது என்பதைத்தான்.

கடைசியில் அதே தெருவில் வாடகைக்கு இருந்த ஒரு தம்பதி வந்தார்கள், இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், வங்கிக் கடனில்தான் வாங்க முடியும். வங்கி வக்கீல் மூலப் பத்திரம், வில்லங்கம், வாரிசுச் சான்றிதழ் எல்லாம் பார்த்துவிட்டு, புரோபேட்டின் சான்றிட்ட நகல் இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். 307ஆம் பிரிவைப் பற்றி எங்கள் வக்கீல் பேசிப் பார்த்தார், அவர் சிரித்தாராம். அதனால் சின்ன அட்வான்ஸ் மட்டும் வாங்கிக்கொண்டு விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்தோம். கெடு ஒப்பந்தத் தேதியிலிருந்து ஓடாது, புரோபேட் நகல் கையில் கிடைத்த நாளிலிருந்துதான் ஓடும் என்று எழுதினோம். கேவியட் வந்தாலோ மனு தள்ளுபடி ஆனாலோ அட்வான்ஸை வட்டி இல்லாமல் திருப்பித் தருவோம், நஷ்டஈடு கேட்கக் கூடாது. கிரயம் வரை சாவி எங்களிடம். பதிலுக்கு அவர்கள், நடுவில் விலை ஏறினாலும் பேசிய விலைதான் என்றார்கள், நியாயம்தானே. ஒரு வருடத்துக்கு மேல் பொறுத்திருந்தார்கள். நடுவில் இன்னொரு புரோக்கர் அதிக விலை சொல்லிக்கொண்டு வந்தபோது தங்கைக்குக் கொஞ்சம் ஆசை வந்தது. எனக்கு வரவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஆனால் பேச்சு பேச்சுதான். புரோபேட் வந்த பிறகு, எக்ஸிகியூட்டராக நான், கூடவே பங்குதாரர்களாக மூன்று பேரும் சேர்ந்துதான் கிரயம் எழுதினோம். சட்டப்படி நான் ஒருத்தி போதும், வாங்குபவர் நிம்மதிக்காக அப்படிச் செய்தோம்.

வீடு விற்ற லாபத்துக்குக் கட்டும் வரியைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அப்பா வைத்திருந்த காலமும் உங்கள் கணக்கில் சேரும், 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கிய வீடு என்றால் அந்தத் தேதியின் மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம், அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டாமல். 2024 ஜூலை 23லிருந்து வரி 12.5 சதவீதம், விலைவாசிக்கேற்ப அடக்க விலையைக் கூட்டிக்கொள்ளும் இன்டெக்சேஷன் கிடையாது. இங்கேயே இருப்பவர்கள் இன்டெக்சேஷனோடு பழைய 20 சதவீதக் கணக்கையும் போட்டுப் பார்த்து எது குறைவோ அதைக் கட்டலாம், வெளிநாட்டில் இருப்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. அதோடு வெளிநாட்டுப் பங்குதாரருக்குக் கொடுக்கும் பணத்தில் வாங்குபவர் பிடிக்க வேண்டிய வரி நமக்குப் பிடிக்கும் 1 சதவீதம் இல்லை, பெரிய தொகை. வருமான வரித்துறையில் குறைவாகப் பிடிக்கும் சான்றிதழ் முன்பே வாங்கிவைக்காவிட்டால் முழுப் பங்கின் மேலும் பிடித்துவிடுவார்கள், அப்புறம் ரிட்டர்ன் போட்டுத்தான் திரும்ப வாங்க வேண்டும். எங்கள் அண்ணன் அந்தச் சான்றிதழ் வாங்கவில்லை, நான் சொன்னேன், கேட்கவில்லை.

கிரயத்துக்கு அண்ணன் நேரில் வரவில்லை, தூதரகத்தில் கையெழுத்திட்டுத் தங்கை பேருக்குப் பவர் அனுப்பினார். அந்தப் பவர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்ட வேண்டும். உங்களுக்கும் வெளிநாட்டில் அக்காவோ தம்பியோ இருந்தால், புரோபேட் வரும் தேதி ஓரளவு தெரிந்த பிறகு பவரை அனுப்பச் சொல்லுங்கள், ஆனால் தூதரகத்தில் நேரம் வாங்குவதை மட்டும் இப்போதே ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.