எந்த ஏரியா?

கேள்வி: கோவையிலிருந்து கிண்டி ஆபீசுக்கு மாற்றலாகி வருகிறேன். மனைவி, இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள், வயதான அம்மா. குடும்பத்தோடு நிம்மதியாகக் குடியிருக்க சென்னையில் எந்த ஏரியா நல்லது? (கோவை வாசகர் ஒருவர்)

பதில்: 'எந்த ஏரியா?' என்று நீங்கள் கேட்டது என் காதில் 'எந்த ஏரி?' என்றுதான் விழுகிறது. சென்னையில் முப்பது வருஷம் குப்பை கொட்டினால் உங்கள் காதும் இப்படித்தான் ஆகும்.

நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா' என்றே ஒரு பகுதி இருக்கிறது. தமிழில் சொன்னால் ஏரி ஏரியா. தெருவுக்குத் தெரு நம்பர் போட்டிருக்கிறார்கள், ஏரியைத்தான் காணோம். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு. நின்று பார்த்தால் எதிர்வீட்டுக் கொடியில் காயும் லுங்கிதான் வியூ. தி.நகர் என்ற ஊரே 1920-களில் 'லாங் டேங்க்' என்ற நீண்ட ஏரியை வற்றவைத்து உண்டாக்கியது. வள்ளுவர் கோட்டமும் ஏரியைத் தூர்த்த இடத்தில்தான் 1976-ல் எழும்பியது. இதில் யோக்கியமானவர்கள் முகப்பேரில் மனை போட்ட வீட்டு வசதி வாரியத்தார். 'ஏரித் திட்டம்' என்று பெயரிலேயே உண்மையை ஒப்புக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் நங்கநல்லூர் வாசகர் போஸ்ட் கார்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மூன்று வருஷமாக எனக்கும் அவருக்கும் வழக்கு. நங்கநல்லூரைப்போல ஊர் உலகத்தில் இல்லை, 32 அடி ஆஞ்சநேயர் பார்த்துக்கொள்கிறார் என்பது அவர் கட்சி. ஐயா, நீங்கள் தினமும் இறங்கும் ரயில் நிலையத்தின் பெயர் பழவந்தாங்கல். தாங்கல் என்றால் சின்ன ஏரி. ஆஞ்சநேயர் 32 அடி, அவர் எந்த ஏரியாவிலும் குடியிருக்கலாம். கோவைக்காரர் ஐந்தரை அடிதான் இருப்பார்.

சரி, கோவைக்காரருக்கு வருகிறேன். வீட்டு புரோக்கர் உங்களிடம் முதலில் சொல்லப்போகும் வாக்கியம், "தண்ணிப் பிரச்னையே இல்ல சார்." இதற்கு இங்கே மூன்று அர்த்தம். மே மாதத்தில் சொன்னால் போரில் தண்ணீர் வருகிறது, லாரி சொல்ல வேண்டாம் என்று பொருள். நவம்பரில் சொன்னால் ஹாலுக்குள் வராது என்று பொருள். 2015 டிசம்பரில் படகு ஓடிய இதே ஊருக்கு 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிதண்ணீர் வந்தது. ஊருக்குக் குடிதண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நாலும் வறண்டு கிடந்தன. அதனால் எந்த மாதத்துக்கான தண்ணீரைச் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது தண்ணி பச்சை போர்டு போட்ட கடையில் கிடைப்பது. மாநகராட்சி எல்லைக்குள் பள்ளிக்கூடம், கோயிலிலிருந்து 50 மீட்டர் தள்ளி அந்தக் கடை இருக்க வேண்டும் என்று விதி. உங்கள் வீடு பள்ளிக்கூடமும் இல்லை, கோயிலும் இல்லை. ராத்திரி பத்து மணிக்கு ஒருமுறை தெருவை நடந்து பார்த்துவிடுங்கள்.

நானும் குடும்பத்துக்கு ஏற்ற வீடு தேடியவன்தான். 2015 தை மாதம் வேளச்சேரியில் ஒரு தரைத்தள வீடு. பெயிண்ட் வாசனைகூடப் போகவில்லை. என் மனைவி மட்டும் ஒன்றைக் கவனித்தாள். பிளக் பாயின்ட் எல்லாம் அவள் தோள் உயரத்தில் இருந்தன. மிக்ஸி ஒயர் எட்டாது, போனை சார்ஜில் போட்டால் அந்தரத்தில் தொங்கும். "ஏன் இவ்வளவு உசரம்?" என்று கேட்டாள். வீட்டுக்காரர் வாய் நிறையச் சிரித்து, "குழந்தைங்க கை எட்டக் கூடாதும்மா, ஃபேமிலிக்குன்னே பார்த்துப் பார்த்துக் கட்டினது" என்றார். என்ன அக்கறை என்று நான் உருகிப்போய் பத்து மாச வாடகையை அட்வான்சாகக் கொடுத்தேன். (2017-ல் வந்த வாடகைச் சட்டம் மூன்று மாசம் என்கிறது, வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளாவிட்டால். அந்த 'விட்டால்'-இல்தான் ஊரே நடக்கிறது.)

டிசம்பரில் காரணம் புரிந்தது. தண்ணீர் பிளக் பாயின்டுக்குச் சரியாக நாலு விரல் கீழே வந்து நின்றது. வீட்டுக்காரர் கணக்கில் புலி.

வடிந்த பிறகு தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் புலம்பினேன். வேப்பமரத்தடியில் நனைந்த கரியைக் காயவைத்துக்கொண்டிருந்தார். "2005-ல இங்க சார்" என்று இடுப்பைத் தொட்டார். "இந்தத் தடவ இங்க" என்று நெஞ்சைத் தொட்டார். முன்னாடியே சொல்லியிருக்கலாமே என்றேன். "நீங்க சட்ட குடுத்தீங்க, சட்டயக் கேட்டீங்க. இத எங்க கேட்டீங்க?" என்றார்.

என் புகார் பஞ்சாங்கத்தின் மேல். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் எவனும் வீடு பார்க்கக் கிளம்புவதில்லை. மார்கழியில் குடிபோகக் கூடாது. அதற்குள் சுவரில் தண்ணீர் நின்ற கோடு போகிக்கு அடிக்கும் பெயிண்டில் மறைந்துவிடும். தை பிறந்ததும் காய்ந்து பளபளக்கும் வீட்டை எல்லோரும் கூட்டமாகப் போய்ப் பார்க்கிறோம். நிச்சயதார்த்தத்துக்கு பியூட்டி பார்லர் போய்வந்த பெண்ணைப் பார்த்து முடிவு செய்கிற கதைதான். நீங்கள் நவம்பர் கடைசியில் லீவு போட்டு வாருங்கள், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவுக்குள் போங்கள். வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் கார்கள் வரிசையாக நிற்கின்றனவா என்று ஒரு பார்வை. 2024 அக்டோபரில் எச்சரிக்கை வந்ததுமே ஜனங்கள் அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். வானிலை அறிக்கையைவிட அந்த மேம்பாலத்தை நான் நம்புகிறேன்.

கேட்டதற்கும் ஒரு வரி. கிண்டியில் மின்சார ரயிலும் மெட்ரோவும் இரண்டும் நிற்கின்றன. அதனால் கடற்கரை–தாம்பரம் லைனில் மாம்பலம் முதல் குரோம்பேட்டை வரை ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில் பாருங்கள். பெண்ணுக்கு முதலில் பள்ளிக்கூடத்தை முடிவு செய்துகொண்டு வீட்டைத் தேடினால் வேனில் தூங்கி வழியாமல் வருவாள். அம்மா இருப்பதால் லிஃப்ட் உள்ள முதல் மாடி. தரைத்தளம்தான் சௌகரியம் என்று யாராவது சொன்னால் பிளக் பாயின்டைப் பாருங்கள்.

அந்த லைனில் பழவந்தாங்கலும் வருகிறது என்று நங்கநல்லூர்க்காரர் இந்நேரம் துள்ளிக் குதித்திருப்பார். கார்டு வரட்டும்.