கேத் லேப் நர்ஸ் கர்ப்பமானால்: ராஜினாமா வேண்டாம், கடிதம் கொடுங்கள்

கேள்வி: தனியார் மருத்துவமனையின் கேத் லேபில் (எக்ஸ்ரே உதவியோடு இதய ரத்தக் குழாய்களைப் பார்த்துச் சிகிச்சை செய்யும் அறை) இரண்டு வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் மூன்று பேருக்கு ஒன்றுதான், அதுவும் அலமாரியிலேயே கிடக்கும். மேஜைக்குக் கீழே தொங்கும் ஈயத் திரை கிழிந்து பல மாதம் ஆகிறது. இப்போது நான் இரண்டு மாதக் கர்ப்பம். வெளியே சொன்னால் ராஜினாமா கேட்பார்களோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: மறைக்காதீர்கள். இன்றே எழுத்தில் தெரிவியுங்கள். கர்ப்பம் தெரிந்ததும் நிர்வாகத்துக்கும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரிக்கும் அதை அறிவிப்பது, 2004-ஆம் ஆண்டு கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளின்படி உங்கள் கடமை. அறிவித்த பிறகுதான் கருவுக்கான தனி வரம்பு நடைமுறைக்கு வரும்: மீதிக் கர்ப்பகாலம் முழுவதற்கும் 1 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சு அளவின் அலகு). அதுவரை உங்களுக்குப் பொருந்துவது பொதுவான பணியாளர் வரம்புதான். அது ஐந்தாண்டுச் சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருடத்திலும் அதிகபட்சம் 30.

கடிதத்தில் நான்கு கோரிக்கைகள் போதும்: கதிர்வீச்சு இல்லாத பணி, உங்கள் பெயரில் தனி பேட்ஜ், இதுவரையிலான டோஸ் (உடலில் பட்ட கதிர்வீச்சு அளவு) பதிவின் நகல், புதிய ஈயத் திரை. டோஸ் பதிவைப் பணியாளர் கேட்டால் நிர்வாகம் தந்தாக வேண்டும். ஹெச்.ஆருக்கும் பாதுகாப்பு அதிகாரிக்கும் மின்னஞ்சல் அனுப்பி, அதே கடிதத்தை ஸ்பீட் போஸ்டிலும் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

கிழிந்த திரையைச் சிறு விஷயமாக விடாதீர்கள். கேத் லேபில் எக்ஸ்ரே குழாய் பெரும்பாலும் மேஜைக்குக் கீழே இருக்கும். கதிர் நோயாளியின் உடலில் பட்டுச் சிதறி, குழாய் இருக்கும் பக்கமே அதிகம் திரும்பி வரும். அதாவது, நிற்பவரின் வயிற்றுக்கும் காலுக்கும். இடமாற்றம் கிடைக்கும்வரை உள்ளே நிற்க நேர்ந்தால், குழாய்ப் பக்கத்தைத் தவிர்த்துத் தள்ளி நில்லுங்கள். ஒரு மீட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்கு விலகினாலே அளவு ஏறக்குறைய கால் பங்காகும். ஈய ஏப்ரனை மடித்து வைத்தால் உள்ளே விரிசல் விழும், வெளியே தெரியாது. ஃப்ளூரோஸ்கோப்பியில் (திரையில் நேரடியாகத் தெரியும் எக்ஸ்ரே) ஏப்ரனைக் கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள் என்றும் கேளுங்கள்.

பேட்ஜ் விஷயத்தில்தான் உங்கள் வழக்கின் உயிர் இருக்கிறது. ஏப்ரனுக்கு உள்ளே, மார்பில் அணிய வேண்டிய அது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வகத்துக்குப் போகும். அலமாரியில் கிடந்த பேட்ஜ் காட்டும் குறைந்த அளவே உங்கள் பெயரில் பதிவாகும். அயனியாக்கும் கதிர்வீச்சால் வரும் நோய்கள் தொழில்சார் நோய்ப் பட்டியலில் உள்ளவைதான்; ஆனால் பின்னாளில் இழப்பீடு கேட்டால் அந்தப் பதிவைத்தான் நிர்வாகம் முதலில் எடுத்து நீட்டும். அதனால் பகிர்ந்து அணிந்த நாட்களையும், நீங்கள் நின்ற ஆஞ்சியோகிராம், ஆஞ்சியோபிளாஸ்டி எண்ணிக்கையையும் ட்யூட்டி ரோஸ்டருடன் ஒப்பிட்டு, தேதியிட்டு எழுதி வையுங்கள்.

ராஜினாமா கேட்டால் கையெழுத்திடாதீர்கள். "விருப்பத்தின் பேரில் விலகுகிறேன்" என்ற ஒற்றை வரி உங்கள் வாதத்தையே அடைத்துவிடும். எதிர்பார்க்கும் பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் பேறுகாலப் பலனுக்கு உரிமை உண்டு. கர்ப்பத்தின்போது அவர்களாகவே நீக்கினாலும் அந்த உரிமை பொதுவாகப் போகாது.

பதினைந்து நாளில் பதில் வராவிட்டால், மும்பையிலுள்ள அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குக் கடித நகலுடன் புகார் அனுப்புங்கள். எக்ஸ்ரே கருவியை இயக்க உரிமம் தருவதும் நிறுத்துவதும் அவர்கள்தான். கிழிந்த திரையின் தேதியுள்ள புகைப்படத்தையும் இணையுங்கள். நோயாளி யாரும் அதில் தெரியக் கூடாது.