தினமும் பேதி மாத்திரை போடலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 64. ஆறு மாதமாக மலச்சிக்கல். நான்கு நாளைக்கு ஒருமுறை, அதுவும் முக்கித்தான் போகிறார். மூட்டுவலியால் வெஸ்டர்ன் டாய்லெட்தான். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறார். இரவில் பேதி மாத்திரை போட்டால்தான் வயிறு இளகுகிறது. தொடரலாமா?
- வாசகி, விருதுநகர்

பதில்: ஒரு நாளைக்கு மூன்று முறையிலிருந்து வாரத்துக்கு மூன்று முறை வரை மலம் கழிப்பது இயல்பானதே. உங்கள் அம்மாவுக்கு அதற்கும் குறைவாக, இறுகிப் போவதால் இது மலச்சிக்கல்தான். ஆனால், போகிற போக்கில் நீங்கள் குறிப்பிட்டிருக்கும் ரத்தசோகையே எனக்கு அதிகக் கவலை தருகிறது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு இரும்புச்சத்துக் குறைந்தால், குடலில் எங்காவது சிறுகச் சிறுக ரத்தம் கசிகிறதா என்று பார்த்தாக வேண்டும். இந்த வயதில் புதிதாக மலச்சிக்கலும் சேர்ந்திருப்பதால், கேமரா குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபி பரிசோதனை குறித்துக் குடல் நோய் மருத்துவரிடம் இந்த வாரமே பேசுங்கள். தைராய்டு, சர்க்கரை பரிசோதனைகளையும் செய்துவிடுங்கள். இரும்பு மாத்திரையால் மலம் கறுப்பது வழக்கம். தார்போல் ஒட்டிக்கொண்டு கடும் நாற்றத்துடன் போனால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மலத்தை இறுக்குவதில் இரும்பு மாத்திரைக்கும் பங்கு உண்டு. அதற்காக நீங்களாக நிறுத்திவிடாமல், ஒருநாள் விட்டு ஒருநாள் தரலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கால்சியம் மாத்திரை, சில ரத்த அழுத்த மாத்திரைகள் ஆகியவையும் இப்படிச் செய்யும் என்பதால் எல்லாச் சீட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள்.

குடலைத் தூண்டிவிடும் பேதி மாத்திரை எப்போதாவது போடுவதற்கு உரியது. மருத்துவர் பார்க்காமல் தினமும் போட வேண்டாம். தொடர்ந்து தேவைப்பட்டால், மலத்தில் நீரைத் தக்கவைக்கும் லாக்டுலோஸ் போன்ற மருந்தை அவரே எழுதித் தருவார். இசப்கோல் எடுத்தால் ஒரு தம்ளர் நிறையத் தண்ணீரில் கலந்து, கெட்டியாவதற்குள் குடிக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும்.

காலை உணவு வயிற்றில் விழுந்ததும் பெருங்குடல் தானாக அசையத் தொடங்கும் என்பதால், அடுத்த அரை மணிக்குள் அவர் கழிப்பறையில் உட்காரட்டும். பாதத்துக்கு அடியில் ஒரு குட்டை மணை போட்டு, முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயர்ந்திருக்கும்படி முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால், மலக்குடலை வளைத்துப் பிடித்திருக்கும் தசை தளர்ந்து வழி நேராகும். மூட்டு வலித்தால் மணையின் உயரத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

பல் போன பெரியவர்கள் பலர் இட்லியும் ரசஞ்சாதமுமாகவே நாளைக் கழிப்பதைப் பார்க்கிறேன். அவற்றில் நார்ச்சத்து சொற்பம். குழைய வேகவைத்த கீரை, அவரைக்காய், மசித்த சுண்டல், கனிந்த பப்பாளி என்று சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு உப்பும்.

கேள்வி: ஐந்து வயது மகன் பள்ளியில் மலத்தை அடக்கிக்கொள்கிறான். ஜட்டியில் அடிக்கடி கறை படிகிறது. வயிற்றுப்போக்கா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: பெரும்பாலும் இல்லை. அடக்கிய மலம் இறுகிக் கட்டியாக, அதைச் சுற்றி இளகிய மலம் அவனை அறியாமலே கசிகிறது. தயவுசெய்து திட்டாதீர்கள், சோப்புத் துண்டு, வெற்றிலைக் காம்பு எதையும் ஆசனவாயில் வைக்காதீர்கள், அந்த வலிக்குப் பயந்தே இன்னும் அடக்குவான். குழந்தை மருத்துவர் தரும் மருந்தைப் பல மாதங்கள் கொடுக்க வேண்டியிருக்கும். இரண்டு நாள் நன்றாகப் போனதும் நிறுத்தினால் மீண்டும் கட்டிக்கொள்ளும். கேட்டதும் வெளியே அனுப்பும்படி வகுப்பு ஆசிரியையிடம் சொல்லுங்கள். பள்ளிக் கழிப்பறையை நீங்களே ஒருமுறை போய்ப் பாருங்கள்.