சோயா போட்டும் குஞ்சு ஏன் வளரவில்லை?

கேள்வி: அக்கரைப்பற்றில் வீட்டோடு 60 ஊர்க்கோழிக் குஞ்சு வளர்க்கிறேன். கடைத் தீன் விலை கட்டுப்படியாகாததால் சோயா அவரையை அவிக்காமலே மாவாக அரைத்துத் தவிட்டோடு கலந்து போடுகிறேன். எட்டு வாரமாகியும் குஞ்சு வளரவில்லை, எச்சமும் இளக்கம். குடற்பூச்சி மருந்தும் கொடுத்துப் பார்த்தேன். அதே மாவைத் தின்னும் பெரிய ஆடுகளுக்கு ஒன்றும் இல்லை. ஏன்?

பதில்: தம்பி, பூச்சி மருந்தை விடுங்கள், குறை அடுப்பில் ஏற்றாததில்தான் இருக்கிறது.

சோயாவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புரதம், அது உண்மை. ஆனால் புரதம் எல்லாம் தீனுக்கென்றே இருப்பதில்லை, அவரை தன் விதையைக் காக்கவும் சில புரதங்களைச் செய்து வைத்திருக்கிறது. கோழியின் சதையி (கணையம்) சுரக்கிற டிரிப்சின் என்ற நொதியம்தான் குடலில் புரதத்தை வெட்டுகிற கத்தி. அந்தக் கத்தியின் வாயில் அச்சாகப் போய் உட்கார்ந்து அடைத்துவிடுகிற வடிவத்தில் அவரையில் ஒரு புரதம் இருக்கிறது. கத்தி வெட்டவில்லை என்றதும் சதையி இன்னும் இன்னும் சுரக்கும், வீங்கும். சுரந்ததும் புரதம்தானே, அதுவும் எச்சத்தோடு போகும். ஆக நீங்கள் போட்டதும் நட்டம், குஞ்சின் உடம்பில் இருந்ததும் நட்டம். அவிக்காத சோயாவில் எலி வளராது என்று அமெரிக்க ஆய்வாளர்களான ஒஸ்போர்னும் மெண்டலும் 1917-லேயே கண்டுவிட்டார்கள்.

அவித்தால் என்ன ஆகிறது? மருதமுனையில் நெய்த சாரம் ஒன்றை நூல் நூலாகப் பிரித்தால் நூல் குறையாது, ஆனால் உடுக்க ஏலாது. சூடு செய்வதும் அதுதான்: மடிப்புக் குலைகிறது, புரதத்தின் அமினோ அமிலச் சங்கிலி அப்படியே இருக்கிறது. மடிப்புப் போனால் அடைக்கிற வேலையும் போச்சு, மிச்சம் நல்ல தீன். இந்த அடைக்கிற புரதத்தில் இரண்டு வகை உண்டு, ஒன்று சீக்கிரம் குலையும். சின்னதான மற்றது ஏழு கந்தகப் பிணைப்புகளால் இறுக்கிக் கட்டப்பட்டிருப்பதால் லேசில் அசையாது. அதனால் கொதிநீரில் காட்டி எடுத்தால் போதாது. இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் அவித்து, காயவைத்து அரையுங்கள். வறுப்பதானால் கருக விடாதீர்கள், லைசின் என்ற அமினோ அமிலம் கெட்டுவிடும். சோயாவில் மெதியோனின் குறைவு, இறகு முளைக்க அது போன்ற கந்தகம் உள்ள அமினோ அமிலம் வேண்டும் என்பதால் உப்புக் குறைந்த கருவாட்டுத் தூள் கொஞ்சம் சேருங்கள்.

ஆட்டுக்கு முதல் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்களே அந்தப் புரதத்தைச் சிதைத்துவிடும், அதுதான் தப்பிக்கிறது. பால்குடிக் குட்டிக்கு அந்த வசதி இல்லை. இன்னொன்று, யூரியா கலந்த வைக்கோல் போடுகிறீர்களா? அப்படியானால் அவிக்காத சோயாவை அதோடு சேர்க்கவே கூடாது. சோயாவிலுள்ள யூரியேஸ் என்ற நொதியம் யூரியாவை மளமளவென அமோனியாவாக்கும், ஆடு செத்தும் போகலாம்.

எச்சத்தில் இரத்தம் கண்டால் அது வேறு நோய், உடனே கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள்.