நாலு பேர் கையெழுத்துப் போட்ட லீஸ்: இருவர் போய்விட்டால் வாடகை யார் தலையில்?

கேள்வி: நியூயார்க் மாநிலம் இத்தாக்காவில் முதுகலை படிக்கிறேன். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே, வாட்ஸ்அப் குழுவில் அறிமுகமான மூவருடன் சேர்ந்து ஒரு வீட்டுக்கு ஆகஸ்ட் முதல் ஜூலை வரை லீஸ் போட்டோம். மாத வாடகை 3,800 டாலர், ஆளுக்கு 950 என்று பேச்சு. ஒருவருக்கு விசா கிடைக்கவில்லை. அவர் பங்கை மற்ற மூவரும் பகிர்ந்து கட்டினோம். ஜனவரியில் இன்னொருவர் சொல்லாமல் கொள்ளாமல் வேறு அறைக்குப் போய்விட்டார். மீதியிருக்கும் இருவரும் முழு வாடகையைக் கட்ட வேண்டும், இல்லையென்றால் பூட்டை மாற்றுவேன் என்கிறார் வீட்டுக்காரர். ஹீட்டர் சரியில்லை. பனியில் மேடேறி வகுப்புக்குப் போகிறோம். ஒரே தட்டில் சாப்பிட்டவன் இப்படிச் செய்துவிட்டான். என் பங்கை மட்டும் கட்டினால் போதுமல்லவா? அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார், தூக்கமில்லாமல் இருக்கிறார்.

பதில்: போதாது.

லீஸை எடுத்து, வாடகை என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 3,800 என்று ஒரே தொகையும் கீழே நாலு கையெழுத்தும் இருந்தால் மற்றதெல்லாம் அப்புறம்தான். கூடவே ‘ஜாயின்ட் அண்ட் செவரல்’ என்ற சொற்களும் அநேகமாக இருக்கும். நாலு பேரில் யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் கேட்கலாம் என்பது அதன் பொருள். மகளிர் குழுக் கடனில் ஒருத்தி தவணை கட்டாவிட்டால் கடன் கொடுத்தவர்கள் மற்றவர்களின் வாசலில் வந்து நிற்பார்களே, அதே கணக்கு. ‘ஆளுக்கு 950’ என்ற வாட்ஸ்அப் பேச்சு உங்கள் நால்வருக்குள் செல்லும், வீட்டுக்காரரைக் கட்டுப்படுத்தாது. விசா மறுக்கப்பட்டவரும், லீஸில் அதற்கென்று தனி ஷரத்து இல்லாவிட்டால், பொறுப்பிலிருந்து விடுபடவில்லை.

நண்பர் செய்தது துரோகமா என்பது எந்த நீதிமன்றத்திலும் விசாரணைக்கு வராது. மேடும் பனியும் லீஸை முறிக்கக் காரணமாகாது. பூட்டை மாற்றும் மிரட்டலுக்குப் பயப்பட வேண்டாம்: நீதிமன்ற உத்தரவில்லாமல் வெளியேற்றுவது இந்த மாநிலத்தில் குற்றம். அவர் அப்படி எழுதிய மின்னஞ்சலை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

இனி, என்னிடம் வருகிறவர்கள் எங்கே விழுகிறார்கள் என்று சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் நான் பயந்தது அதற்குத்தான்.

முதலாவது, ‘2019 வாடகைச் சட்டப்படி வீட்டுக்காரர்தான் வேறு ஆள் தேட வேண்டும்’ என்று இணையத்தில் படித்துவிட்டு நிம்மதியாக இருப்பது. அந்தக் கடமை உண்மைதான். ஆனால் வாடகைதாரர் வீட்டைக் காலி செய்தால்தான் அது எழும். நாலு பேரில் இருவர் உள்ளே இருக்கும்போது வீடு காலியாகவில்லை, அறைதான் காலியாகியிருக்கிறது. நீங்கள் சும்மா இருந்தால் மாதம் 1,900 டாலர் உங்கள் இருவர் மேல் ஏறிக்கொண்டே போகும். இன்னொருவரும் போய்விட்டால் முழுதும் உங்கள் தலையில்.

இரண்டாவது, ஹீட்டரைக் காரணம் காட்டி வாடகையை நீங்களே குறைத்துக்கொள்வது. குளிர்காலத்தில் அறைகளை 68 டிகிரி ஃபாரன்ஹீட்டாவது வைத்திருப்பது வீட்டுக்காரரின் கடமை. வீடு வாழத் தகுதியாக இருக்க வேண்டும் என்று மாநிலச் சட்டமே சொல்கிறது. ஆனால் அதை நீங்கள் எழுத்தில் புகார் செய்து, வெப்பமானியைத் தேதியோடு படமெடுத்து, நகரக் கட்டட ஆய்வாளரை வரவழைத்திருக்க வேண்டும். ஒரு கடிதம்கூட எழுதாமல் மூன்று மாதம் வாடகையை நிறுத்திவிட்டு, வழக்கு வந்த பிறகு குளிரைப் பற்றிப் பேசுகிறவரை நீதிபதி எளிதில் நம்புவதில்லை. இன்றைக்கே எழுதுங்கள். பேரம் பேசும்போது அதுதான் உங்கள் கையிருப்பு.

மூன்றாவதுதான் மிக மோசமானது. பற்றாக்குறையை ஈடுகட்ட வளாகத்துக்கு வெளியே கையில் காசு வாங்கிக்கொண்டு வேலைக்குப் போவது. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் அனுமதியில்லாமல் அப்படி வேலை செய்தால் விசா நிலையே போகும். வாடகைப் பாக்கி வெறும் சிவில் கடன், அதற்காக உங்களை யாரும் நாடு கடத்தப்போவதில்லை. கடனுக்குப் பயந்து படிப்பையே பணயம் வைக்காதீர்கள், தயவு செய்து.

நான்காவது, செமஸ்டர் முடிந்ததும் ஊருக்குப் பறந்துவிடலாம் என்ற யோசனை. வீட்டுக்காரர் வழக்குப் போட்டு வாங்கும் பணத் தீர்ப்பு நியூயார்க்கில் 20 வருடம் உயிரோடு இருக்கும். பட்டம் முடித்து இங்கே வேலையில் சேர்ந்தால் வங்கிக் கணக்கை முடக்கலாம், சம்பளத்தில் 10 சதவீதம் வரை பிடிக்கலாம். அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: அமெரிக்கத் தீர்ப்பை இந்திய நீதிமன்றத்தில் அப்படியே நிறைவேற்ற முடியாது, அங்கே புதிதாக வழக்குப் போட வேண்டும். சில ஆயிரம் டாலருக்கு அந்த அலைச்சலை யாரும் எளிதில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அவர் தூங்கலாம். உங்களுக்குத்தான் ஆபத்து.

ஆகவே சமரசம் பேசுங்கள். வழக்காட உங்களிடம் வலுவான காரணம் இல்லை. ஆனால் வீட்டுக்காரருக்கும் ஒரு பலவீனம் உண்டு: இருவரும் காலி செய்தால், நடுக் குளிர்காலத்தில் வீட்டை வாடகைக்கு விட முயல்வது அப்போது அவர் கடமையாகிவிடும். நான் முதலில் கேட்பது, ஜனவரியில் வந்து சேர்ந்த மாணவர்களில் இருவரைப் பிடித்து, அவர்கள் பெயரை லீஸில் சேர்த்துப் போனவர்கள் பெயரை நீக்குவது. உள்வாடகைக்கு ஆள் வைத்தால் அவர் கட்டாதபோது மறுபடி நீங்கள்தான் பொறுப்பு, ஆகவே பெயர் மாற்றமே வேண்டும். நாலு வீடுகளுக்குக் குறைவான கட்டடமென்றால் உள்வாடகைக்கு விடும் உரிமையும் சட்டப்படி கிடைக்காது, லீஸில் இருப்பதுதான்.

அது நடக்காவிட்டால், டெபாசிட்டை விட்டுக்கொடுத்து மேலும் ஒரு மாத வாடகையும் தந்து லீஸை முடித்துக்கொள்ளக் கேளுங்கள். ஜூலை வரை இன்னும் ஆறு மாதம், 22,800 டாலர். அதோடு ஒப்பிட்டால் இது சின்ன நஷ்டம். ஆனால் எழுத்தில் வாங்குங்கள். அதில் உங்கள் பெயரும், ஜாமீன் போட்ட அப்பாவின் பெயரும் விடுவிக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும். ‘சரி தம்பி, பார்த்துக்கலாம்’ என்ற தொலைபேசிப் பேச்சை நம்பி வெளியேறியவர்களுக்கு அடுத்த கோடையில் வசூல் நிறுவனத்தின் கடிதம் வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

போன நண்பர் அதே ஊரில்தான் இருக்கிறார். அவர் பங்கையும் சேர்த்து நீங்கள் கட்டியதற்கு ரசீது இருந்தால், இத்தாக்கா நகர நீதிமன்றத்தில் சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் பிரிவில் 5,000 டாலர் வரை கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. வீட்டுக்காரரோடு முடித்த பிறகு அதைப் பார்ப்போம். பிப்ரவரி வாடகைத் தேதிக்கு முன் வீட்டுக்காரருக்கு முதல் மின்னஞ்சல் போக வேண்டும். அனுப்புவதற்கு முன் லீஸின் எல்லாப் பக்கங்களோடும் எனக்கு அனுப்புங்கள்.