நான்கு மணி நேரமா, தினமும் இரண்டு மணி நேரமா?

கேள்வி: என் கணவருக்கு வாரம் மூன்று நாள், நான்கு மணி நேரம் டயாலிசிஸ். முடிந்து வீடு வந்தால் மறுநாள் காலைவரை படுக்கைதான். நேரத்தைக் குறைத்து வாரம் ஆறு நாள் செய்தால் நல்லது என்கிறார்களே?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: நல்லதுதான் அம்மா, ஆனால் சும்மா வராது. 2010-ல் வெளியான வட அமெரிக்க ஆய்வு ஒன்றில் 245 பேர் இருந்தார்கள். வாரம் ஆறு முறை செய்துகொண்டவர்களுக்கு இதயத் தசையின் தடிப்பு குறைந்தது. ரத்த அழுத்தம், ரத்தத்தில் பாஸ்பரஸ் இரண்டும் முன்பைவிடக் கட்டுக்குள் வந்தன. ஆனால் ஃபிஸ்டுலாவுக்கு (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்து வைத்திருக்கும் இடம்) அடிக்கடி வைத்தியம் தேவைப்பட்டது. இருக்காதா பின்னே? வாரம் ஆறு ஊசி பன்னிரண்டாகிறதே!

அவர் துவண்டு போவதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது உடம்பில் சேரும் தண்ணீரை. 60 கிலோ எடைக்காரர் 3 லிட்டர் ஏற்றிக்கொண்டு வந்தால் மணிக்கு 750 மில்லி இழுக்க வேண்டும். அதாவது கிலோவுக்கு 12.5 மில்லி; கிலோவுக்கு மணிக்கு 13 மில்லிக்கு மேல் இழுக்கக் கூடாது என்ற வரம்பை ஏறக்குறையத் தொட்டாகிவிட்டது. அப்புறம் பிரஷர் இறங்கும், கெண்டைக்கால் இழுக்கும். நாளைக் கூட்டாமல் நேரத்தை மட்டும் குறைக்கக் கேட்டுவிடாதீர்கள், அது ஆபத்து.

ஆறு நாளும் பஸ் ஏறி வருவது இன்னொரு அலுப்பு. நானாக இருந்தால், நான்காவதாக ஒரு நாள் சேர்க்க முடியுமா, இல்லையென்றால் ஐந்து மணி நேரம் ஓட்டலாமா என்று டாக்டரிடம் கேட்பேன். 'டிரை வெயிட்'டையும் (அதிகப்படி தண்ணீர் எல்லாம் போன பிறகு இருக்க வேண்டிய எடை) மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் நிறுத்துங்கள். உப்பு குறைந்தால் தாகமும் குறையும்.