வேலியை ஒட்டி மரத்தளம் போடலாமா?

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் தோட்டத்தில் உட்கார மரத்தில் ஒரு டெக் போடப் போகிறோம், தரையிலிருந்து 2 அடி உயரம். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவே 6 அடி மரவேலி இருக்கிறது. அதை ஒட்டியே போட்டால் இடம் வீணாகாது, சட்டத்தை வேலித் தூணிலேயே போல்ட் போட்டு முடுக்கிவிடலாம் என்கிறார் ஆசாரி. செய்யலாமா?

பதில்: டெக் போடுங்கள், ஆனால் வேலித் தூணில் ஒரு ஆணிகூட அடிக்க விடாதீர்கள். ஆசாரிக்கு நாலு தூண் நடுகிற வேலை மிச்சம், அதனால் சொல்கிறார். வேலித் தூண் காற்றுக்குச் சாயாமல் நிற்கத்தான் நட்டது, ஐந்தாறு பேர் நாற்காலி போட்டு உட்காரும் பாரத்துக்கு இல்லை. அதுவும் போக, அந்த வேலி யாருடையது? பக்கத்து வீட்டுக்காரர் போட்டது என்றால், நாளைக்கு அவர் அதைப் பிரித்துப் புதிதாகப் போட நினைக்கும்போது உங்கள் டெக்கும் சேர்ந்து இறங்கிவிடும். டெக் தன் காலில் நிற்கட்டும்.

ஒட்டிப் போடுவதும் வேண்டாம், ஒன்றரை அடியாவது விடுங்கள். இடம் வீணாகிறதே என்று நானும் ஒருமுறை 2 அங்குலம் மட்டும் விட்டேன். அந்தச் சந்தில் கையும் போகவில்லை, துடைப்பமும் போகவில்லை, விழுந்த இலையெல்லாம் அங்கேயே ஊறிக் கிடந்து, ஓரப் பலகையைக் கழற்றிப் பார்த்தபோது அடிப்பக்கம் கறுத்து, விரலால் அழுத்தினால் பஞ்சு மாதிரி அமுங்கியது. வேலிப் பலகையும் அதே உயரத்தில் உளுத்திருந்தது. இடைவெளி விடவே முடியாது என்றால் கடைசி இரண்டு பலகையை மட்டும் ஆணி அடிக்காமல் திருகாணி போட்டு வையுங்கள், கழற்றிச் சுத்தம் செய்ய வசதி. தூணுக்குக் குழி தோண்டுவதையும் வேலித் தூணிலிருந்து தள்ளியே செய்யுங்கள், பக்கத்து மண் இளகினால் வேலி சாயும். இன்னொன்று, வேலி நிற்கும் இடம்தான் எல்லை என்று நம்பிவிடாதீர்கள், பத்திரத்தில் இருக்கும் அளவை ஒருதரம் டேப் வைத்துப் பாருங்கள்.

சரி, நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்கு இதைவிடப் பெரிய விஷயமாகப் படுகிறது: அந்த 2 அடி உயரம். டெக் 2 அடி ஏறினால் 6 அடி வேலி உங்களுக்கு 4 அடி வேலிதான். நாற்காலியில் உட்கார்ந்தாலே கண் கிட்டத்தட்ட வேலியின் உச்சிக்கு வந்துவிடும், எழுந்து நின்றால் பக்கத்து வீட்டுக் கொல்லை முழுக்கத் தெரியும், அவர்களுக்கும் உங்கள் தலை தெரியும். குழந்தைகள் இருந்தால் 4 அடி என்பது ஏறிக் குதிக்கிற உயரம். மரம் வாங்குவதற்கு முன்னால், டெக் வரப்போகும் இடத்தில் 2 அடி உயரத்துக்கு ஆடாத ஸ்டூல் ஒன்றைப் போட்டு ஏறி நில்லுங்கள், பக்கத்து வீட்டுக்காரரை அவர் கொல்லையில் நிற்கச் சொல்லுங்கள். இரண்டு பேருக்கும் கொஞ்சம் கூச்சமாக இருக்கும், பரவாயில்லை, டெக் முடிந்த பிறகு அவர் வந்து கதவைத் தட்டுவதைவிட இது மேல்.

என்னைக் கேட்டால் உயரத்தை 1 அடிக்குள் அடக்கிவிடுங்கள். தரை சரிவாக இருப்பதால்தான் 2 அடி என்றால், வேலிப் பக்கம் ஒரு படி தாழ்த்திப் போடலாம். அப்புறம் மழைத்தண்ணீர் வேலிப் பக்கம் வடியாமல் உங்கள் தோட்டத்துக்குள்ளேயே வடிகிற மாதிரி ஆசாரியை ரசமட்டம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லையிலிருந்து எவ்வளவு தள்ள வேண்டும், எந்த உயரத்துக்கு மேல் அனுமதி வேண்டும் என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும். கட்டட அனுமதி கொடுக்கும் அலுவலகத்தில் ஒரு வரைபடத்தோடு போய்க் கேட்டுவிட்டு மரத்துக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.